ரசாயன ஆயுதம் என்று சொல்வதற்கு முன்...

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெரியவர் எங்களை டீ சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். புனலூர்ப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்வு பெற்றவர். இப்போது மகனோடு இங்கே திருவனந்தபுரத்தில் இருக்கிறார். 1964-ம் வருஷத்து சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்களில் ஒன்று இவருடையது. அப்படி வந்தவர்களுக்காகவே புனலூரில் அரசாங்கம் ரப்பர் தோட்டம் போட்டது. இவர் வந்துவிட்டார், தம்பி வரவில்லை. தம்பி 1977 கலவரத்துக்குப் பிறகு தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போய் கிளிநொச்சியில் காடு வெட்டிக் குடியேறினார்.

அந்தத் தம்பியின் கடைசி மகள்தான் அன்றைக்கு வந்திருந்தார். இப்போது கனடாவில் இருக்கிறார். முப்பது வயசு இருக்கும். பெரியப்பாவைப் பார்க்க முதல்முறையாக வந்திருக்கிறார். டம்ளரை எடுக்கும்போது புடவை முந்தானை விலகி வலது முழங்கை தெரிந்தது. மெழுகு உருகி இறுகிப்போன மாதிரி தோல். என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள், எதையும் கேட்டுவிடுகிற வயசு. "அக்கா, இது எப்படி ஆச்சு?" என்று கேட்டுவிட்டாள். நானும் மனைவியும் நெளிந்தோம். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

"2009 ஏப்ரல் மாசம். அப்ப எனக்குப் பதினாலு வயசு. பங்கருக்கு மேல தறப்பாள் போட்டிருந்தனாங்கள். மேல ஏதோ வெடிச்சது, வெள்ளையாப் புகை. தறப்பாள் பத்தி எங்களுக்கு மேலயே விழுந்திட்டுது. தண்ணி ஊத்த அணைஞ்ச மாதிரி இருக்கும், பிறகு திரும்பவும் எரியும். அம்மா ஈர மண்ணை அள்ளி அள்ளிப் போட்டா. தம்பி மூண்டாம் நாள் போயிட்டான். என்னைக் கப்பல்ல புல்மோட்டைக்கு ஏத்திச்சினம். இந்தியாவில இருந்து வந்த டாக்டர்மார்தான் மருந்து கட்டினவை."

வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள்: "அப்பா, அது கெமிக்கல் வெப்பனா?"

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் ஒரு நொடி கூட யோசிக்காமல் "ஆமாம்" என்றிருப்பேன். 2009-ல் எனக்கு முப்பது வயசு கூட ஆகவில்லை, வங்கியில் சேர்ந்து கொஞ்ச நாள்தான். தினமும் ராத்திரி பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து "வன்னியில் ரசாயன ஆயுதத் தாக்குதல்" என்று வரும் மின்னஞ்சல்களை நூறு பேருக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு படம் வானத்திலிருந்து வெள்ளை விழுதுகள் தொங்குகிற மாதிரி இருக்கும். ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது, அந்தப் படம் காஸாவில் எடுத்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. வேண்டுமென்று செய்ததில்லை, ஆனால் நானும் செய்தேன்.

வங்கியில் இருப்பவர்களுக்கு இது புரியும். கடன் ஃபைலில் இருபது காகிதம் இருக்கும். பத்தொன்பது சுத்தமாக இருந்து ஒரே ஒரு வில்லங்கச் சான்றில் சந்தேகம் வந்தால் போதும், மொத்த ஃபைலும் திரும்பி வந்துவிடும். எதிர்ப்பக்கம் இருப்பவன் மற்ற பத்தொன்பதைப் பற்றிப் பேசவே மாட்டான், அந்த ஒன்றையே பிடித்துக்கொண்டு தொங்குவான். நம் விஷயத்தில் நடந்ததும் இதுதான் என்று எனக்குப் படுகிறது. அதனால் மகளுக்குப் பதில் சொல்வதற்கு முன் கொஞ்சம் படித்தேன். படித்ததை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில், ரசாயன ஆயுதம் என்றால் என்ன?

முதல் உலகப் போரில் 1915 ஏப்ரல் 22-ல் பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்குப் பக்கத்தில் ஜெர்மனி குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. அதே களத்தில் சில நாள் கழித்து வாயுவில் சிக்கியவர்களில் இந்தியச் சிப்பாய்களும் உண்டு. போர் முடிந்த பிறகு 1925-ல் ஜெனீவா நெறிமுறை வந்தது. அது நாட்டுக்கும் நாட்டுக்கும் நடக்கும் போரை மனதில் வைத்து எழுதியது. ஒரு அரசாங்கம் தன் எல்லைக்குள்ளேயே நடத்தும் உள்நாட்டுப் போரைப் பற்றி அதில் தெளிவாக எதுவும் இல்லை. ஆயுதத்தைத் தயாரித்து அடுக்கி வைப்பதையும் அது தடுக்கவில்லை. 1997 ஏப்ரல் 29-ல் அமலுக்கு வந்த ரசாயன ஆயுதத் தடை உடன்படிக்கைதான் "எந்தச் சூழ்நிலையிலும் கூடாது" என்று சொன்னது. அதில் உள்நாட்டுப் போரும் அடக்கம். இலங்கை 1994-லும் இந்தியா 1996-லும் அதை ஏற்று உறுதி செய்தன.

இந்த உடன்படிக்கையில் பொருள்களின் பட்டியல்கள் உண்டு. ஆனால் எது ஆயுதம் என்பதை அந்தப் பட்டியலோடு நிறுத்திவிடவில்லை. எதற்காகப் பயன்படுத்துகிறாய் என்பதைத்தான் பார்க்கிறது. நாங்கள் கடன் கொடுத்தால் பணம் சொன்ன காரியத்துக்குத்தான் போகிறதா என்று என்ட்-யூஸ் பார்ப்போமே, அது மாதிரி. அருவிக்கரையில் சுத்திகரித்து இந்த ஊருக்கு வரும் தண்ணீரில் குளோரின் இருக்கிறது. குடித்துத்தான் உயிரோடு இருக்கிறோம். அதே குளோரினை உருளையில் அடைத்து ஒரு கிராமத்தின் மேல் போட்டால் அது ரசாயன ஆயுதம். கண்ணீர்ப்புகையை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே செக்ரட்டேரியட் மார்ச்சில் போலீஸ் கண்ணீர்ப்புகை போடுவது சர்வ சாதாரணம், ஸ்டாச்சூ பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்கு அந்த எரிச்சல் தெரியும். அதையே போர்க்களத்தில் போர்முறையாகப் பயன்படுத்தினால் உடன்படிக்கை மீறல்.

வெள்ளைப் பாஸ்பரஸ் இன்னும் சிக்கல். காற்றுப் பட்டாலே எரியும். தண்ணீர் ஊற்றினால் அடங்கும், காய்ந்ததும் திரும்பவும் பற்றிக்கொள்ளும். உடம்பில் பட்டால் ஆழமாக அரித்துக்கொண்டு போகும், ரத்தத்தில் கலந்தால் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஆனாலும் புகைத்திரை போடவோ வெளிச்சத்துக்கோ பயன்படுத்தினால் உடன்படிக்கைப்படி அது ரசாயன ஆயுதம் ஆகாது. தீ வைக்கும் ஆயுதங்களுக்கு 1980-ம் வருஷத்து இன்னொரு உடன்படிக்கையில் மூன்றாவது நெறிமுறை என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதிலும் ஓட்டை. விமானத்திலிருந்து மக்கள் கூட்டத்துக்கு நடுவே போடக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டு, பீரங்கியில் சுட்டால் விதியைத் தளர்த்துகிறது. "இது புகைக்காகச் செய்த குண்டு, தீ பிடித்தது தற்செயல்" என்று சொல்லவும் வழி வைத்திருக்கிறது.

ஆக, அந்தப் பெண்ணின் கையில் விழுந்தது வெள்ளைப் பாஸ்பரஸாகவே இருந்தாலும், சட்டம் அதை ரசாயன ஆயுதம் என்று சொல்லாமல் போகலாம். மக்கள் கூட்டத்தின் மேல் போட்டது குற்றம்தான், ஆனால் வேறு பிரிவில் வரும் குற்றம். இதைப் புரிந்துகொள்ளாமல் நாம் பெரிய பெயரை முன்னால் தூக்கிப் பிடித்தோம். மறுக்க வேண்டியவர்களுக்கு வேலை சுலபமாகிவிட்டது.

சரி, வன்னி பற்றிப் பதிவில் இருப்பது என்ன?

ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த, மார்சுகி தாருஸ்மன் தலைமையிலான நிபுணர் குழு 2011-ல் அறிக்கை கொடுத்தது. கடைசி மாதங்களில் பாதுகாப்பு வலயம் என்று அரசே அறிவித்த இடங்களில் ஷெல் அடித்தார்கள், ஆஸ்பத்திரிகள் மேல் அடித்தார்கள், உணவும் மருந்தும் போகாமல் தடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டுகள் நம்பத்தக்கவை என்று அந்தக் குழு சொன்னது. 40,000 பேர் வரை பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்றும் சொன்னது. புலிகள் மக்களைப் போகவிடாமல் பிடித்து வைத்ததையும் தப்பி ஓடியவர்களைச் சுட்டதையும் அதே அறிக்கை சொல்கிறது. கொத்துக்குண்டு, வெள்ளைப் பாஸ்பரஸ், மற்ற ரசாயனங்கள் பற்றி மட்டும், குற்றச்சாட்டு இருக்கிறது, எங்களால் முடிவுக்கு வர முடியவில்லை, மேலும் விசாரிக்க வேண்டும் என்றது. இலங்கை அரசாங்கம் மறுத்தது. வெள்ளைப் பாஸ்பரஸைப் பயன்படுத்தியது புலிகள்தான் என்று திருப்பிச் சொன்னது.

பாருங்கள், நிரூபிக்கும் அளவுக்கு வந்துவிட்ட விஷயங்கள் ஒன்றா இரண்டா? அதில் ஒவ்வொன்றும் தனியாகவே ஒரு போர்க்குற்றத்துக்குப் போதும். நாமோ நிரூபிக்க முடியாமல் நின்ற ஒன்றைத்தான் பேனரில் எழுதினோம்.

அதற்காக அந்தக் குற்றச்சாட்டைத் தூக்கி எறிந்துவிடச் சொல்லவில்லை. பி.காம். படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், பேலன்ஸ் ஷீட்டுக்கு அடியில் கன்டின்ஜென்ட் லயபிலிட்டி என்று ஒரு குறிப்பு வரும். இன்னும் தீர்ப்பாகாத வழக்கு, ஒப்புக்கொள்ளாத கடன் எல்லாம் அங்கே இருக்கும். அதைக் கடன் என்று மேலே ஏற்றவும் கூடாது, இல்லை என்று அழிக்கவும் கூடாது. முடிவு தெரிகிறவரை வருஷா வருஷம் எழுதிக்கொண்டே வர வேண்டும். எழுதாமல் விட்டால் ஆடிட்டர் விடமாட்டார். வன்னியின் ரசாயனக் குற்றச்சாட்டுக்கு உரிய இடம் அதுதான் என்பது என் கட்சி.

அழிக்கக் கூடாது என்று சொல்ல வலுவான காரணமும் இருக்கிறது. கொத்துக்குண்டு விஷயத்தையே பாருங்கள். அதையும்தான் அரசாங்கம் மறுத்தது. 2012-ல் புதுக்குடியிருப்புப் பக்கம் கண்ணிவெடி அகற்றியவர்கள் வெடிக்காத கொத்துக்குண்டுச் சிதறல்களைக் கண்டதாக ஐ.நா. நிபுணர் ஒருவரின் மின்னஞ்சல் மூலம் செய்தி வந்தது. 2018-ல் இலங்கையே கொத்துக்குண்டுத் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. யார் போட்டார்கள் என்று இன்னும் யாரும் பொறுப்பேற்கவில்லை, ஆனால் வெறும் கட்டுக்கதை என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது. அரசாங்கங்களின் மறுப்புக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு நம் நாடும் ஓர் உதாரணம். தன்னிடம் ரசாயன ஆயுதமே இல்லை என்று சொல்லிவந்த இந்தியா, 1997-ல் உடன்படிக்கைப்படி கணக்குக் கொடுக்கும்போது ஆயிரம் டன்னுக்கு மேல் மஸ்டர்ட் வாயு இருப்பதை ஒப்புக்கொண்டது. 2009-ல் அதை முழுசாக அழித்து முடித்தது.

அப்படியானால் வன்னியில் ஏன் ஆதாரம் கிடைக்கவில்லை? இங்கே காஸாவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதே 2009 ஜனவரியில்தான் காஸாவில் இஸ்ரேல் வெள்ளைப் பாஸ்பரஸ் குண்டுகளைப் போட்டது. வெளிநாட்டு நிருபர்களை இஸ்ரேலும் உள்ளே விடவில்லைதான். ஆனால் உள்ளூர்க்காரர்களின் கேமராக்கள் இருந்தன. எல்லையில் நின்று படம் எடுத்தவர்கள் இருந்தார்கள். ஐ.நா. வளாகம் ஒன்றின் மேலேயே அந்தக் குண்டுகள் விழுந்தன. மனித உரிமை அமைப்பினர் போய்க் குண்டின் ஓடுகளைப் பொறுக்கி எடுத்தார்கள், அதே மார்ச்சில் அறிக்கை வந்துவிட்டது. முதலில் மறுத்த இஸ்ரேல், பிறகு பயன்படுத்தினோம், ஆனால் சட்டப்படிதான் என்று இறங்கி வந்தது.

வன்னியில்? 2008 செப்டம்பரிலேயே ஐ.நா. ஊழியர்களைக் கிளிநொச்சியை விட்டுப் போகச் சொல்லிவிட்டது அரசாங்கம். சனங்கள் "போகாதீங்க" என்று வாசலில் நின்று கெஞ்சினார்கள். அவர்கள் போனார்கள். நிருபர்களுக்கும் அனுமதி இல்லை. சாட்சிகளை முதலில் வெளியே அனுப்பிவிட்டு, அப்புறம் "சாட்சி எங்கே?" என்று கேட்டால் என்ன சொல்வது? ஆகவே ஆதாரம் இல்லை என்பதை, நடக்கவில்லை என்று படிக்கக் கூடாது. பார்க்க யாரையும் விடவில்லை என்று படிக்க வேண்டும்.

இப்போது நம்மவர்களுக்குப் பிடிக்காத ஒரு விஷயம். திட்டினாலும் பரவாயில்லை, எழுதிவிடுகிறேன்.

இலங்கைப் போரில் ரசாயனத்தை ஆயுதமாகப் பயன்படுத்தியதாக ஆய்வாளர்கள் தெளிவாகப் பதிவு செய்திருக்கும் சம்பவம் ஒன்று உண்டு. அதைச் செய்தது விடுதலைப் புலிகள். 1990 ஜூன், மட்டக்களப்பு மாவட்டம் கிரான் ராணுவ முகாம். பக்கத்திலிருந்த காகித ஆலையிலிருந்து எடுத்த குளோரின் உருளைகளைக் காற்று முகாம் பக்கம் வீசும்போது திறந்துவிட்டார்கள். அறுபதுக்கு மேற்பட்ட சிப்பாய்கள் பாதிக்கப்பட்டார்கள். காற்று திசை மாறி வாயு அவர்கள் பக்கமே திரும்பியது என்றும் எழுதியிருக்கிறார்கள். பெரிதாகத் தொடர்ந்து பயன்படுத்தியதாகத் தெரியவில்லை.

"அது ராணுவ முகாம், பொதுமக்கள் இல்லையே" என்று ஒரு நண்பர் சொன்னார். உண்மைதான், வித்தியாசம் இருக்கிறது. "அப்போது உடன்படிக்கையே இல்லையே" என்றார் இன்னொருவர். அதுவும் உண்மை. ஆனால் குளோரினுக்கு முள்வேலி தெரியாது. காற்று இன்னொரு பக்கம் திரும்பியிருந்தால் பக்கத்துக் கிராமத்துத் தமிழ்க் குழந்தைதான் மூச்சுத் திணறியிருக்கும். இதை நாமே முதலில் கணக்கில் எழுதிவிட்டால் என்ன குறைந்துவிடும்? எழுதாமல் விட்டால் எதிர்த்தரப்பு எழுதும், எழுதி நம் மற்ற எல்லாப் பக்கங்களையும் அதை வைத்து மூடும். ஒரு பக்கத்து வவுச்சர்களை மட்டும் வைத்துக்கொண்டு கணக்கு முடிக்க முடியாது.

மற்ற நாடுகளில் எப்படி நிரூபித்தார்கள் என்று பார்த்தால் கொஞ்சம் நம்பிக்கை வருகிறது.

1988 மார்ச் 16-ல் ஈராக்கின் ஹலப்ஜா ஊரில் சதாம் அரசு குர்து மக்கள் மேல் விஷவாயு போட்டது. சுமார் 5,000 பேர் செத்தார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் பிர்ஜின்னி என்ற சின்னக் கிராமத்திலும் போட்டது. சதாம் அரசு மறுத்தது. நான்கு வருஷம் கழித்து, 1992-ல் மருத்துவர்கள் குழு ஒன்று பிர்ஜின்னிக்குப் போய்க் குண்டு விழுந்த குழியிலிருந்து மண்ணை எடுத்து பிரிட்டனின் போர்ட்டன் டௌன் ஆய்வகத்துக்கு அனுப்பியது. மஸ்டர்ட் வாயுவின் தடயமும், சாரின் சிதைந்து உண்டாகும் பொருளும் அந்த மண்ணில் இருந்தன. நான்கு மழைக்காலம் தாண்டியும் மண் மறக்கவில்லை.

இன்னொரு விஷயம் என்னை மாதிரி ஆட்களுக்கானது. சதாமுக்கு மஸ்டர்ட் வாயுவின் மூலப்பொருளை விற்ற ஃபிரான்ஸ் வான் அன்ராட் என்ற டச்சு வியாபாரியை 2005-ல் நெதர்லாந்து நீதிமன்றம் போர்க்குற்றத்துக்கு உடந்தை என்று சொல்லிச் சிறைக்கு அனுப்பியது. சாயத் தொழிலுக்குப் போகும் சரக்கு என்று நினைத்தேன் என்றார் அவர். நீதிமன்றம் ஏற்கவில்லை. சரக்கு ஏற்றுமதிக் காகிதங்களை நாள் முழுக்கப் பார்க்கிற எனக்கு அதைப் படித்த அன்று ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை. ஒரு இன்வாய்ஸும் சாட்சிதான்.

அப்புறம் சிரியா. 2013 ஆகஸ்ட் 21-ல் டமாஸ்கஸ் புறநகர் கூத்தாவில் சாரின். இறந்தவர்கள் சில நூறு என்பதிலிருந்து 1,400-க்கு மேல் என்பது வரை கணக்குகள் வேறுபடுகின்றன. ஐ.நா. குழு போய் ரத்தம், மண், ராக்கெட் துண்டுகள் எல்லாம் எடுத்துச் சாரின்தான் என்று உறுதி செய்தது. சிரியா உடன்படிக்கையில் சேர்ந்து 1,300 டன் இருப்பதாகக் கணக்குக் கொடுத்தது. அதோடு நிற்கவில்லை. 2017 ஏப்ரலில் கான் ஷேக்கூனில் சாரின், 2018 ஏப்ரல் 7-ல் டூமாவில் குளோரின். டூமாவில் 43 பேர் இறந்ததற்கு சிரிய விமானப் படையே காரணம் என்று ரசாயன ஆயுதத் தடை அமைப்பு 2023 ஜனவரியில்தான் அறிவித்தது. ஐந்து வருஷம் ஆனது. ஐ.எஸ். அமைப்பு மஸ்டர்ட் வாயு பயன்படுத்தியதையும் சர்வதேச விசாரணைக் குழு எழுதி வைத்தது. இரண்டு பக்கத்துக் கணக்கையும் எழுதியதால்தான் அந்த அறிக்கைகளுக்கு மதிப்பு. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆண்ட அசாத் குடும்பம் 2024 டிசம்பரில் வீழ்ந்துவிட்டது. காகிதங்கள் இருக்கின்றன.

சரி, நாம் என்ன செய்வது? மே மாசம் ஒரு மெழுகுவத்தி ஏற்றினால் போதுமா?

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். வன்னியிலிருந்து 2009 பிப்ரவரி முதல் மே வரை செஞ்சிலுவைச் சங்கம் கடல் வழியாகக் காயம்பட்டவர்களையும் துணைக்கு வந்தவர்களையுமாகச் சுமார் 14,000 பேரை வெளியே கொண்டுவந்தது. அவர்களில் பலர் வந்து இறங்கிய புல்மோட்டையில் மார்ச்சிலிருந்து இந்திய அரசு அனுப்பிய மருத்துவக் குழு வேலை பார்த்தது. பிறகு அது செட்டிகுளத்துக்கு மாறியது. யோசித்துப் பாருங்கள், அந்தக் காயங்களை உடனுக்குடன் பார்த்த கைகளில் நம் நாட்டு டாக்டர்களின் கைகளும் இருந்தன. என்ன வகைத் தீக்காயம், எத்தனை பேருக்கு என்று எங்கோ ஒரு பதிவேட்டில் இருக்க வேண்டும். யார் பெயரும் வேண்டாம், எண்ணிக்கையும் காயத்தின் வகையும் போதும். இதை நாடாளுமன்றத்தில் ஒரு எம்.பி. கேட்கலாம். இந்தியக் குடிமகன் யார் வேண்டுமானாலும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். வெளியுறவு விஷயம் என்று மறுக்கலாம். மறுத்தால் அந்த மறுப்பும் ஒரு காகிதம்தானே.

இரண்டாவது, வெளிநாட்டில் இருக்கும் குடும்பங்களுக்கு. உங்கள் வீட்டில் காயத்தோடு வந்தவர்கள் இருந்தால், அகதி வழக்குக்காக ஒரு டாக்டர் பரிசோதித்து அறிக்கை கொடுத்திருப்பார். அது வக்கீல் ஆபீஸில் தூங்கிக்கொண்டிருக்கும். பழைய ஃபைல்களை எந்த ஆபீஸும் ஆயுசுக்கும் வைத்திருக்காது. இந்த வாரமே கேட்டு நகல் வாங்குங்கள். அறிக்கையே இல்லை என்றால் உங்கள் டாக்டரிடம் போய்த் தழும்பைக் காட்டி எழுதி வாங்குங்கள். எந்த இடம், எந்த நாள், எந்தத் திசையிலிருந்து வந்தது, என்ன நிறம், என்ன வாசனை, தண்ணீர் ஊற்றினால் என்ன ஆனது, எல்லாவற்றையும் எழுதுங்கள். ஆயுதத்தின் பெயரை மட்டும் நீங்களாக எழுதாதீர்கள். அதைச் சொல்ல வேண்டியது நிபுணர். 2021-ல் ஐ.நா. மனித உரிமைப் பேரவை 46/1 என்ற தீர்மானத்தின் மூலம் இலங்கை பற்றிய ஆதாரங்களைச் சேகரித்துப் பாதுகாக்க ஏற்பாடு செய்தது. 2022-லும் 2024-லும் அதை நீட்டித்தது. கொடுப்பதற்கு இடம் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். ஊரில் உறவினர் இருந்தால் யாரிடம் எதைக் கொடுப்பது என்று யோசித்துக் கொடுங்கள். ஆனால் எழுதுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

காகிதத்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு இந்த ஊர்க் கதை ஒன்று. இது ஆயுதம் இல்லை, பூச்சிமருந்து. காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களுக்கு மேல் இருபது வருஷத்துக்கு மேலாக ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் தெளித்தார்கள். பாதிக்கப்பட்ட குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் மாநிலத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வந்து செக்ரட்டேரியட் வாசலில் உட்காருவார்கள். 2019 ஜனவரியில் நானே பார்த்தேன். கையில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் மருத்துவ முகாம் சீட்டுகள். அவர்கள் கேட்டது, எங்கள் பிள்ளையைப் பட்டியலில் சேர் என்பதுதான். இந்த நோய்க்கு இந்த மருந்துதான் காரணமா என்ற விவாதம் ஒரு பக்கம் நடந்துகொண்டே இருந்தது. அவர்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. 2017-ல் உச்ச நீதிமன்றம் ஆளுக்கு 5 லட்சம் கொடுக்கச் சொன்னது. அதைக் கொடுக்க அரசாங்கம் இழுத்தடித்ததற்கு 2022-ல் திரும்பவும் கோர்ட்டிடம் வாங்கிக்கட்டிக்கொண்டது. அந்தத் தாய்மார்கள் அந்தச் சீட்டுகளைத் தூக்கிப் போட்டிருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது.

கடைசியாக ஒன்று. செத்தவனுக்கு ரசாயனம் என்ன, சாதாரண ஷெல் என்ன, இந்தப் பெயர் ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இறந்தவருக்கு வித்தியாசம் இல்லைதான். வித்தியாசம் நமக்கு. விஷவாயுவால் செத்தால்தான் உலகம் திரும்பிப் பார்க்கும் என்று நாம் நினைத்ததால்தான் அந்தப் பெயருக்கு இத்தனை ஆசைப்பட்டோம். அந்த ஆசையில், சாதாரண ஷெல்லில் ஆஸ்பத்திரி வாசலில் செத்தவர்களின் சாவை நாமே இரண்டாம் தரமாக்கிவிட்டோமோ என்று எனக்கு உறுத்துகிறது.

போன வாரம் அந்தப் பெண் கனடா திரும்புவதற்கு முந்தின நாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நான் அதுக்கு ஒரு பேரும் வைக்கேல்லை அண்ணா. நீங்கள்தான் எல்லாரும் பேர் வச்சனீங்கள். நான் என்ன நடந்தது எண்டு சொல்லத்தான் ஆரும் கேக்கேல்லை" என்றார்.

என் மகள் லேப்டாப்பை எடுத்துவந்து உட்கார்ந்தாள். அவர் சொல்லச் சொல்ல இவள் தட்டினாள். இடம், தேதி, நேரம், தறப்பாளின் நிறம், தம்பியின் வயசு. இரண்டரைப் பக்கம் வந்தது. என்ன ஆயுதம் என்ற இடத்தில் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "தெரியாது, பரிசோதிக்க வேண்டும்" என்று போடச் சொன்னேன். அவர் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு இடது கையால் கையெழுத்துப் போட்டார். ஊருக்குப் போனதும் டாக்டரைப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

மகளின் கேள்விக்கு இப்போதைக்கு என்னிடம் இருக்கும் பதில் அந்த இரண்டரைப் பக்கம்தான்.